லடாக் மலையூரில் கற்ற பாடம்

சுற்றுப்பயணம் சென்று திரும்புவோர், தாம் கண்ட ஆலயங்களையும் கோட்டைகளையும் இயற்கைக் காட்சிகளையும் பற்றி எழுதுவதே மரபு. நாமோ இமயத்தின் மடியில் அமைந்த லடாக் நாட்டுக்குச் சென்று வந்து, ஒரு கழிப்பறையைப் பற்றி எழுதப் புகுந்துள்ளோம். வாசக அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. ஒவ்வொரு இல்லத்திலும் நாள்தோறும் நிகழ்வதும், எந்த இல்லத்திலும் வாய்விட்டுப் பேசப்படாததுமான செய்தி இது. பேசாமல் விட்டதன் விலையை நாமே கொடுத்திருக்கிறோம். ஆதலின் முதலில் நம் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுவோம்.

2021ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நம் பேரன் மஞ்சள் காமாலையால் ஒரு மாத காலம் படுக்கையில் கிடந்தான். சில நாள்களில் அண்டை வீட்டுச் சிறுமிக்கும் அதே நோய் கண்டது. மருத்துவர் குடிநீரைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். நம் கிணற்று நீரில் மலக்கிருமி கலந்துள்ளது என்று அறிக்கை வந்தது. கிணற்றுக்கும், நம் செப்டிக் தொட்டியின் நீர் இறங்கும் உறிஞ்சு குழிக்கும் உள்ள இடைவெளியை அளந்தோம். 50 அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பார்கள். நம் வீட்டில் 20 அடிகூட இல்லை. அண்டை வீட்டாரின் கிணறோ சுவருக்கு அப்பால், அதே குழிக்கு இன்னும் அருகில் இருந்தது. இறையருளால் குழந்தைகள் இருவரும் தேறினர். நாம் நம் கிணற்று நீரைக் காய்ச்சிக் குடிக்கத் தொடங்கினோம். ஆயினும் அண்டை வீட்டாரிடம் அந்த அறிக்கையைக் காட்டும் துணிவு நமக்கு வரவில்லை. அந்தச் சுமையோடுதான் மறு ஆண்டு வடக்கே பயணம் புறப்பட்டோம்.

மலை கடந்த வழி

ஓய்வுபெற்ற ஆசிரியர் குடும்பங்கள் நான்கு சேர்ந்து 2022 செப்டம்பரில் மேற்கொண்ட பயணம் அது. ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்குச் சாலைவழி ஏறத்தாழ 420 கிலோமீட்டர். பசும்புல் போர்த்த சோனமார்க்கைக் கடந்து ஸோஜி லா கணவாயில் ஏறி இறங்கியதும், யாரோ திரையை இழுத்து மாற்றிவிட்டாற்போல் நாடே வேறாகிவிடுகிறது. மரமில்லை, புல்லில்லை. பழுப்பும் செம்மையும் ஊதாவுமாக வெற்று மலைகள் வானைத் தொட்டு நிற்கின்றன. பருவக்காற்றின் மேகங்களை இமயத் தொடர் தடுத்துவிடுவதால், லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் 10 சென்டிமீட்டர்தான். நம் சென்னையில் பெய்வது அதனைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேலாகும்.

கார்கிலில் இரவு தங்கி, 13,000 அடிக்கும் மேற்பட்ட ஃபோட்டு லா கணவாயைக் கடந்து, லாமாயுரு மடத்தை வணங்கத்தக்க வியப்போடு நோக்கியவாறே இறங்கினோம். சிந்து நதியின் கரையை அடைந்தபின், வண்டி ஒரு பக்கப் பள்ளத்தாக்கினுள் திரும்பிற்று. அங்கே ஒரு சிற்றூரில் நான்கு நாள்கள் தங்குவதாக ஏற்பாடு. மொத்தம் முப்பது வீடுகள் இருக்கலாம். வெற்று மலைகளின் நடுவே பச்சைத் துணியை விரித்தாற்போல் வயல்கள். வரப்போரம் பாப்லர் மரங்களும் வில்லோ மரங்களும். கூரைகள்மீது காயும் ஆப்பிரிக்காட் பழங்கள். இத்தனை பசுமைக்கும் காரணம், மேலே பனிப்பாறை உருகி வரும் ஓர் ஓடைதான்.

அந்த ஓடையை அவ்வூரார் போற்றும் விதம் நம் ஏரிப்பாசன ஊர்களை நினைவூட்டிற்று. நம் ஊரில் நீர்க்கட்டி இருந்து மடை திறப்பதுபோல், அங்கே ‘சுர்பொன்’ எனப்படுபவர் வாய்க்கால்களைத் திறந்தும் அடைத்தும் முறை வைத்து நீர் பங்கிடுகிறார். குடிநீர் எடுக்கும் ஓடையில் துணி துவைத்தல் ஆகாது. அதற்கென்று வேறு வாய்க்கால் உண்டு. ஊற்றுகளில் ‘லூ’ என்னும் நீர்த்தெய்வங்கள் உறைவதாகவும், நீரை அசுத்தப்படுத்தினால் அவை சினந்து நோய் தரும் என்றும் முன்னோர் சொல்லி வைத்தனர். அந்த நம்பிக்கை நம்முடையதன்று. எனினும், நீரைக் கெடுத்தால் நோய் வரும் என்ற முடிவு மட்டும், நம் கிணற்றில் மெய்யானதை நாம் மறக்கவில்லை.

மாடியில் ஒரு மண்மேடு

நாம் தங்கிய வீடு, வெயிலில் காய்ந்த மண்கற்களால் கட்டி வெள்ளையடித்த மாடிவீடு. கீழ்த்தளம் கால்நடைகளுக்கு, மேல்தளம் மனிதர்க்கு. இல்லத்தரசியை ஊரார் ‘அமா-லே’ என்றழைக்கின்றனர். ‘அமா’ என்றால் அம்மா. ‘லே’ என்பது நம் ‘ங்க’ போன்ற மரியாதைச் சொல். மாமனாராகிய முதியவர் ‘மெமே-லே’. கல்லூரியில் பயின்று திரும்பிய மகன், நம் குழுவில் இந்தி அறிந்த நண்பர் வாயிலாக எல்லார்க்கும் மொழிபெயர்ப்பாளரானான்.

வந்து இறங்கிய மாலையே நம்மவருள் ஒருவர் தயங்கித் தயங்கிக் கழிப்பறையை வினவினார். மகன் மாடியின் மூலையில் இருந்த ஒரு சிற்றறையைக் காட்டினான். உள்ளே மண்தளம், நடுவே நீள்சதுரமாக ஒரு துவாரம், ஓரத்தில் உலர்ந்த மண் குவியல், அதில் செருகிய ஒரு மண்வெட்டி. குழாய் இல்லை, வாளி இல்லை, ஒரு துளி நீர் இல்லை. “தண்ணீர்க் கழிப்பறை இல்லையா?” என்று நண்பர் கேட்டுவிட்டார். மகனின் முகம் சிறுத்துப்போனது. அந்தக் கேள்வியின் கனம் நமக்கு மறுநாள்தான் விளங்கிற்று.

முறை எளியது. பயன்படுத்தியபின் இரண்டு மூன்று வெட்டு மண்ணைத் துவாரத்தின் வழியே கீழே தள்ள வேண்டும். அடுப்புச் சாம்பலையும் அவ்வப்போது கொட்டுகிறார்கள். கீழே ஓர் அறையில் அது குவிகிறது. மண் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அந்நாட்டு வறண்ட காற்று மீதியை உலர்த்துகிறது. ஈரமின்றி ஈயில்லை, நாற்றமில்லை. நோய்க்கிருமிகளை அழிப்பவை காலமும் வறட்சியுமே. பல மாதங்கள் உலர்ந்து கிடந்தபின் அது கறுத்து உதிரும் எருவாகிறது. நீர் மட்டும் உள்ளே புகக்கூடாது. நம்மவர்க்கோ நீரின்றிச் சுத்தமில்லை. அமா-லே சிரித்துக்கொண்டே ஒரு செம்பில் நீர் தந்து, வெளியே மரத்தடியிலிருந்த மறைவைக் காட்டினார். கால் கழுவிய நீரும் வில்லோ மரத்தின் வேருக்கே சென்றது.

இரண்டாம் நாள் கீழறையின் சிறு கதவைத் திறந்து காட்டச் சொன்னோம். மூக்கைப் பொத்தச் சித்தமாகத்தான் குனிந்தோம். தேவையிருக்கவில்லை, மழை நனைந்த தோட்டத்து வாசனைதான் வந்தது. இளவேனிலில் இதனை வெட்டியெடுத்து, பின்னற்கூடைகளில் முதுகில் சுமந்து வயலுக்குக் கொண்டு செல்வார்களாம். அதன்பின் வாற்கோதுமை விதைப்பு. மணற்பாங்கான அந்த மண்ணுக்கு அதுவே உயிர்.

“இந்த வேலைக்கென்று தனி ஆள்கள் உண்டா?” என்று வினவினோம்.

மெமே-லேக்குக் கேள்வி புரியவில்லை. பேரன் இருமுறை விளக்கியபின், “எங்கள் வீட்டு எருவை வேறு யார் எடுப்பார்கள்? எங்கள் வயலுக்கல்லவா அது!” என்றார்.

நாம் வாயடைத்து நின்றோம். உலர் கழிப்பிடம் என்ற சொல் நம் சமவெளியில் எத்தகைய பாவத்தைச் சுமந்து நிற்கிறது என்பது அந்த முதியவருக்குத் தெரியாது. ஒரு சாராரின் தலையில் அந்தக் கூடையை ஏற்றி வைத்து, அவர்களையே தெருவின் கடைசிக்குத் தள்ளிய சமுதாயம் நம்முடையது. அதனை விலக்க 1993இல் ஒரு சட்டமும், 2013இல் இன்னொரு சட்டமும் வேண்டியிருந்தன. தண்ணீர்க் கழிப்பறை வந்தபின்னும், செப்டிக் தொட்டிக்குள் இறங்கி நச்சுவாயுவால் மாண்டவர் பலர். அவ்வாறு இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அதனை முப்பது லட்சமாக உயர்த்திற்று. கழிவை எடுப்பவர் அதை விளைவித்தவரே என்றால், இத்தனை சட்டங்கள் எதற்கு?

மகனின் எண்ணமும் தாயின் அச்சமும்

அன்றிரவு அடுப்பங்கரையில் அமர்ந்து வெண்ணெய்த் தேநீர் அருந்துகையில், அவ்வீட்டில் ஒரு மனத்தாங்கல் நடந்துகொண்டிருப்பதை அறிந்தோம். விருந்தினருக்கென இரண்டு அறைகள் கட்டி, அவற்றில் தண்ணீர்க் கழிப்பறைகள் வைக்கக் கடன் பெறுவது மகனின் திட்டம். அமா-லே இசையவில்லை. வீட்டுக்குச் சற்றுக் கீழே ஊரின் ஊற்று இருக்கிறது. அதற்கும் கீழே அவர் தமையன் வீட்டு அடிபம்பு.

“குழி வெட்டி மூடிவிட்டால் யாருக்கு என்ன?” என்றான் மகன். “லே நகரில் எத்தனையோ விடுதிகளில் அப்படித்தானே இருக்கிறது?”

“கண்ணுக்குத் தெரியாமல் போனால் இல்லாமல் போய்விடுமா?” என்றார் தாய்.

மகன் நம் பக்கம் திரும்பினான். “வருகிறவர்கள் வாசலிலேயே கேட்கிறார்கள். நீங்களும் கேட்டீர்களே?”

நமக்கு விடையில்லை. லடாக் வெளியுலகப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது 1974இல். அக்காலத்தில் ஆண்டுக்குச் சில நூறு பேர் வந்த நாட்டுக்கு, 2018இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். வருகிற ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பழக்கத்தையும் மூட்டையோடு கொண்டு வருகிறார்கள். நாமும் கொண்டு சென்றோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். நான்கு விருந்தினர் நாளுக்கு ஐந்து முறை, முறைக்குப் பத்து லிட்டர் எனின், 200 லிட்டர் நல்ல நீர் மலத்தோடு கலந்து குழிக்குள் போகும். அங்குள்ள நிலமோ பனிப்பாறைகள் கொணர்ந்து குவித்த சரளையும் மணலும். களிமண்ணில் மெதுவாக ஊறி வடிகட்டப்படும் நீர், சரளையில் சல்லடையில் ஊற்றியதுபோல் இறங்கிவிடும். அது தாழ்ந்த இடத்து ஊற்றைச் சேர நெடுநாள் வேண்டுவதில்லை. மேலும் குளிர்காலத்தில் வெப்பம் உறைநிலைக்கு இருபது பாகை கீழே போகும் அந்நாட்டில், குழாயும் தொட்டியும் உறைந்து வெடித்துப் போகும். மண்ணும் மண்வெட்டியும் உறைவதில்லை.

இதையெல்லாம் நாம் எடுத்துச் சொன்னபோது, மகன் கேட்ட ஒரே கேள்வி நம்மைச் சுட்டது: “உங்கள் ஊரில் குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம்?” உள்ளதைச் சொன்னோம். பேரனின் நோயைச் சொன்னோம். அண்டை வீட்டுச் சிறுமியையும் சொன்னோம். அமா-லே நெடுநேரம் பேசாதிருந்து, “அவர்களிடம் சொன்னீர்களா?” என்றார். இல்லை என்று தலையசைத்தோம்.

லே நகரில் கண்டது

நான்காம் நாள் லே நகருக்குப் புறப்பட்டபோது மகனும் உடன் வந்தான். 11,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள அந்நகரில் விடுதிகள் பெருகி, அவற்றின் கீழே குழிகளும் பெருகின. நகரின் ஒரு பகுதிக்கே பாதாளச் சாக்கடை எட்டியிருந்தது. ஏனைய இடங்களில் தொட்டிகள் நிரம்பினால் லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். உறிஞ்சியதை எங்கே கொட்டுவது? இதற்கு விடையாக 2017இல் அங்கே ஒரு கழிவுச் சகதிச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்தனர். நாளொன்றுக்கு 12,000 லிட்டர் ஏற்கும் அளவுடையது.

அதன் அமைப்பை நம் இல்லத்தரசிகளும் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். கல், சரளை, மணல் எனப் பரப்பிய பாத்திகளில் நாணல் நட்டிருக்கிறார்கள். லாரி கொணரும் சகதியைப் பாத்தியில் பாய்ச்சுகிறார்கள். நீர் அடுக்கடுக்காக வடிந்து கீழிறங்குகிறது. கசடு மேலே தங்கி உலர்கிறது. நாணலின் வேர்கள் கசட்டைத் துளைத்து வழி திறந்து வைப்பதால் பாத்தி அடைபடுவதில்லை. வடிந்த நீர், மீண்டும் செடிகள் நட்ட சரளைப் படுகை வழியே சென்று, வெயில் படும் குளத்தில் தங்கித் தெளிகிறது. மேலிருந்து கீழே சரிவில் நீர் தானாகவே ஓடுவதால் பெரும் எந்திரங்கள் தேவைப்படவில்லை. உலர்ந்த கசடு நாளடைவில் எருவாகிறது.

மகன் பாத்தியருகே குனிந்து, உலர்ந்த கசட்டைக் கூர்ந்து நோக்கினான். பிறகு சொன்னான்: “நெடுந்தூரம் லாரியில் கொண்டு வந்து, நாணல் நட்டு, பல மாதம் காயவைத்து இவர்கள் செய்வதைத்தானே எங்கள் தாத்தா ஒரு மண்வெட்டியால் செய்கிறார்!”

அதே சமயம், பழையதெல்லாம் பொன் என்று அவன் ஏமாறவுமில்லை. நகரத்து மாடிகளில் இருப்போர் மண்ணுக்கு எங்கே போவர்? வயலில்லாதவர்க்கு எரு எதற்கு? மண் போதுமான அளவு போடாவிட்டால் உலர் கழிப்பறையும் நாறும். போதிய காலம் உலராத எருவில் புழுவின் முட்டைகள் அழியாமல் இருக்கும். இளைஞர் வேலை தேடி வெளியூர் போய்விட்டதால், கூடை சுமக்க ஆளின்றித் திண்டாடும் வீடுகளும் உண்டென்றான். ஆகவே நகரத்துக்கு நாணற்பாத்தி தக்கது. தன் ஊருக்கு லாரி வர வழியில்லையாதலால் மண்வெட்டி தக்கது என்ற முடிவுக்கு அவன் தானே வந்தான். விடை பெறுகையில் “ஜூலே” என்று கைகூப்பினான். வணக்கம், நன்றி, போய் வாருங்கள் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் அந்த ஒரே சொல்தான்.

மறு ஆண்டு கோடையில் அவனிடமிருந்து செய்தி வந்தது. இரண்டு அறைகளும் கட்டியாயிற்று; இரண்டுக்கும் உலர் கழிப்பறையே. முழங்கால் வலியுள்ளோர் அமர மரத்தாலான இருக்கை. வெயில் விழத் தெற்கு நோக்கிய கீழறை. மண் போடும் முறையை விளக்கிச் சுவரில் ஓர் எழுத்துப்பலகை. குளியலறை நீரும் சமையலறை நீரும் வாய்க்காலில் ஓடி மரங்களைச் சேர்கின்றன. இரு குடும்பங்கள் கழிப்பறையைக் கண்டதும் அறை வேண்டாமென்று திரும்பிவிட்டனவாம். “கடன் அடையச் சற்றுக் காலமாகும். அம்மா நன்றாகத் தூங்குகிறார்” என்று முடித்திருந்தான்.

நம் வாசலில்

இவையெல்லாம் பனிமலை நாட்டுக்கே உரியவை என்று வாசகர் எண்ண வேண்டா. நம் திருச்சி மாவட்டத்து முசிறியில், காவிரியின் அருகாமையால் நிலத்தடி நீர் மேலே நிற்கும் தெருக்களில், குழிக் கழிப்பறைகள் பயன்படாமல் போயின. அங்கே ‘ஸ்கோப்’ என்னும் தொண்டு நிறுவனத்தின் திரு. சுப்புராமன், மலமும் சிறுநீரும் கழுவும் நீரும் தனித்தனியே பிரியும் கழிப்பறைகளைப் பரப்பினார். பயன்படுத்தியபின் சாம்பல் தூவுவர். ஓர் அறை நிரம்பியதும் அதை மூடி எருவாக விட்டு, மற்றதைப் பயன்படுத்துவர். ஒரு பொதுக் கழிப்பறையில் பயன்படுத்துவோருக்கே சிறு தொகை தந்ததும் உண்டு. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நீரால் கழுவும் நம் வழக்கத்துக்கும் உலர் முறை பொருந்தும் என்பதற்கு இதுவே சான்று.

பயணம் முடிந்து வீடு வந்த மறுநாள், பழைய சோதனை அறிக்கையை எடுத்துக்கொண்டு அண்டை வீட்டுக்குச் சென்றோம். சிறுமி திண்ணையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் தந்தை அறிக்கையை இருமுறை படித்தார். “ஒரு வருடமாகவா, ஐயா?” என்று மட்டும் கேட்டார். நாம் தலைகுனிந்து நின்றோம். அவர் உள்ளே சென்று விட்டார். ஒரு வாரம் அந்த வீட்டிலிருந்து எவரும் நம்மோடு பேசவில்லை. அது நியாயமே.

உறிஞ்சு குழியை மூடி, கிணறுகளுக்கு எட்டாத மறுகோடியில், தொட்டி நீர் வாழைப்பாத்தியில் சேருமாறு புதிதாக வழி செய்தோம். அந்த வேலைக்காகத் தொட்டியைக் காலி செய்ய லாரி வந்தது. குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த ஓட்டுநரிடம், “இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள், தம்பி?” என்று கேட்டோம். அவர் வியப்போடு நம்மை நோக்கினார். “இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை, ஐயா” என்றார். பிறகு தயங்கி, ஊருக்கு வெளியே ஓடைப் பக்கம் கையைக் காட்டினார். அந்த ஓடைக்கு அப்பால் ஒரு குடியிருப்பு இருக்கிறது. அங்கும் கிணறுகள் இருக்கின்றன.

அன்று அந்த லாரியைத் திருப்பி அனுப்பினோம். விசாரித்து, சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்க்கும் வேறொரு வண்டியைக் கண்டுபிடிக்க ஒன்பது நாள்கள் ஆயின. கூலியும் இரு மடங்கு ஆயிற்று. அந்த வண்டி வந்த காலையில், அண்டை வீட்டார் மதிலருகே வந்து நின்றார். “எங்கள் தொட்டியையும் இதே வண்டியில் எடுக்கச் சொல்லுங்கள், ஐயா, பாதிக் கூலி நான் தருகிறேன்” என்றார்.